ஸ்காட்லாந்துக்கு ஒரு புரப்போசல்

திருநகர், மதுரை
10.11.2002

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சித்தார்த் எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முந்திச் சொல்லிவிடுகிறது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, உள்ளே போடுகிற கம்பளிப் பனியன் வாங்கினாயா என்று கேட்கச் சொன்னாள்.

எனக்கு உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. சிரிக்காமல் படி. தல்லாகுளத்தில் நானும் விஜய்ஆனந்தும் நடத்துகிற பிரவுசிங் சென்டரில் ஆள் வராத மத்தியான நேரங்களில் நான் கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? உட்கார்ந்த இடத்தில் டிரைவராகலாம். தண்டவாளம், ஸ்டேஷன், மலை, மழை எல்லாம் நிஜம் போலவே இருக்கும். அந்த விளையாட்டைத் தயாரிக்கிற கம்பெனி, அடுத்ததாக எந்த ஊர் ரயில் பாதையைச் சேர்க்கலாம் என்று விளையாடுகிறவர்களையே புரப்போசல் அனுப்பச் சொல்லியிருக்கிறது. எவனுடைய பாதை தேர்வாகிறதோ அவன் பெயர் விளையாட்டின் முதல் திரையில் வரும்.

நான் உன் ஊர்ப் பாதையைத்தான் அனுப்பப் போகிறேன். ஃபோர்ட் வில்லியத்திலிருந்து கடலோரம் மல்லேக் வரை போகிறதே, உன் ரூம் ஜன்னலுக்குக் கீழே கூவிக்கொண்டு போகிறது என்று எழுதினாயே, அதே ரயில். மற்றவன் எல்லாம் புத்தகத்தைப் பார்த்து எழுதுவான். எனக்கு அங்கே அக்கா இருக்கிறாள். லீவு நாளில் ஏறிப் போய், பார்த்ததையெல்லாம் எழுதி போட்டோவும் எடுத்து அனுப்பு. பிப்ரவரி கடைசிக்குள் நான் அனுப்பியாக வேண்டும்.

புரோக்கர் சோணை மாமா கொடுத்த இரண்டு மாப்பிள்ளைப் போட்டோக்களை இத்துடன் வைக்கச் சொன்னாள் அம்மா. "ரெண்டும் நல்ல புரப்போசல்" என்றார் அவர். இமெயிலில் எழுதலாம்தான். ஆனால் இங்கிலீஷில் எழுதினால் உனக்கு எழுதுவது போல இல்லை, பேங்க் மேனேஜருக்கு எழுதுவது போல இருக்கிறது.

உன் தம்பி,
சித்தார்த்


ஃபோர்ட் வில்லியம்
29.11.2002

அன்புத் தம்பிக்கு,

இங்கே நான் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். வாசனை பிடிக்கவில்லை என்று பரணில் போட்டுவிடாமல் தேய்த்துவிடு.

சிரிக்காமல் படிக்கச் சொன்னாய். நர்ஸ் டியூட்டியில், ஆஸ்பத்திரி வார்டில் வைத்துப் படித்தேன். கட்டிலில் கிடந்த பாட்டி தனக்கும் சொல்லச் சொல்லிக் கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். திண்டுக்கல்லுக்குப் போவதற்கே ஜன்னலோரம் கிடைக்கவில்லை என்று இறங்கி வந்தவன், ஸ்காட்லாந்தில் ரயில் ஓட்டப் போகிறானாம்.

ஆனாலும் உனக்காகப் போனேன். இரண்டே பெட்டிதான். நம்மூர் ரயிலோடு ஒட்டிவைத்தால் வால் மாதிரி இருக்கும். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் மலை, எங்கே பார்த்தாலும் ஈரம். கிளென்ஃபின்னன் என்ற இடத்தில் உயரமான கல் தூண்கள் மேல் ரயில் வளைந்து போகிறது. முன் பெட்டியைப் பின் பெட்டியில் இருந்தே பார்க்கலாம். நீ கேட்டபடி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பாலத்தையும் எழுதிக்கொண்டு வந்ததில், டிக்கெட் பார்க்க வந்த கார்டு என்னை ரயில்வே இன்ஸ்பெக்டர் என்று நினைத்து டையைச் சரிசெய்துகொண்டார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கும் சிரிப்பு.

சோணை மாமாவின் போட்டோக்கள் கிடைத்தன. இங்கே மழை விடவே இல்லை.

அன்புடன்,
அக்கா இசைவாணி


திருநகர்
15.12.2002

அன்புள்ள அக்கா,

தைலம் வந்தது. அம்மா தேய்த்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரனுக்கும் முழங்கால் வலிக்கும் போலிருக்கிறது என்று ஆறுதல் அடைந்திருக்கிறாள்.

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு ஸ்டேஷன்கூட வரைய முடியாது. "எங்கே பார்த்தாலும் ஈரம்" என்று கம்பெனிக்கு எழுதினால் விளங்குமா? பிளாட்பாரம் எந்தப் பக்கம், சிக்னல் எங்கே, ஏற்றம் எங்கே ஆரம்பிக்கிறது, எந்த ஸ்டேஷனில் எதிர் ரயில் ஒதுங்கும், இதெல்லாம் வேண்டும். அந்தக் கார்டு நல்ல மனுஷனாகத் தெரிகிறார். அவரையே கேட்டுப் பாரேன்.

நான் மல்லேக் மல்லேக் என்று சொல்லிச் சொல்லி, அம்மா அந்த ஊருக்கு மல்லிகை என்றே பெயர் வைத்துவிட்டாள். அங்கே மீன் வாடைதான் அடிக்கும் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

சோணை மாமா வாரத்துக்கு இரண்டு தடவை வந்து, பதில் வந்ததா என்று கேட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறார். இரண்டில் எது என்று ஒரு வரி எழுதக் கூடாதா?

சித்தார்த்


ஃபோர்ட் வில்லியம்
12.1.2003

அன்புத் தம்பிக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் என் பொங்கல் வாழ்த்து. இது போய்ச் சேரும்போது பானை கழுவி வைத்திருப்பீர்கள்.

நீ கேட்டதெல்லாம் இத்துடன் தனித்தாளில் இருக்கிறது. கார்டின் பெயர் கேலம். அவரைத்தான் கேட்டேன். இந்தப் பாதையில் பெரும்பாலும் சிக்னல் கம்பமே கிடையாதாம். டிரைவர் ரேடியோவில் பேசி, போகலாம் என்று அனுமதி வாங்கித்தான் அடுத்த ஸ்டேஷனுக்கு நகர வேண்டும். சில சின்ன ஸ்டேஷன்களில் யாராவது கேட்டால்தான் ரயில் நிற்கும். இறங்குகிறவர் முன்கூட்டியே கார்டிடம் சொல்லிவிட வேண்டும். ஏறுகிறவர் பிளாட்பாரத்தில் நின்று கையை நீட்ட வேண்டும், நாம் டவுன் பஸ்ஸுக்கு நீட்டுகிற மாதிரியே. சொல்லாமல் தூங்கிப் போகிற கிழவர்களைக் கேலமே தட்டி எழுப்பி இறக்கிவிடுவார். பனிக்காலத்தில் மான்கள் தண்டவாளத்துக்கு இறங்கிவந்து படுத்துக்கொள்ளும். அப்போது டிரைவர் ஹாரனை இடைவெளி விட்டு விட்டு அடிப்பார். ஒரேயடியாக அடித்தால் மிரண்டு ரயிலுக்கு முன்னாலேயே ஓடுமாம். இதையும் உன் விளையாட்டில் வை.

போட்டோக்கள் ஒரு ரோல் அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஏதாவது வேண்டுமானால் கேள். கூச்சப்படாமல் கேள். எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

அக்கா


திருநகர்
5.2.2003

அன்புள்ள அக்கா,

அம்மா சுகம். எனக்கு லேசாகச் சளி. அசந்துபோய்விட்டேன். விஜய்ஆனந்த் உன் தாளைப் படித்துவிட்டு, "எங்க வீட்டுல வித்யாஸ்ரீகிட்ட ஒரு கடைக்கு வழி கேட்டாக்கூட இம்புட்டு விவரமா வராது மாப்ள" என்றான். அவன் தங்கச்சியைச் சொல்கிறான்.

ஒரே ஒரு குறை. லோக் ஐலார்ட் ஸ்டேஷன் போட்டோ. அதில் எனக்கு வேண்டியது பெயர்ப்பலகை. நீ அதற்கு முன்னால் போய் நின்று, பாதி எழுத்தை மறைத்துக்கொண்டு, அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். பின்னால் ரயில் வேறு கதவைத் திறந்துபோட்டு நிற்கிறது. கையால் எழுதிச் சமாளித்துக்கொண்டேன். அடுத்த தடவை தள்ளி நில்.

புரப்போசலை இன்று அனுப்பிவிட்டேன். முப்பது பக்கம். நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயரும் கேலம் பெயரும் போட்டிருக்கிறேன்.

சோணை மாமாவுக்கு என்ன பதில்?

சித்தார்த்


திருநகர்
20.3.2003

அன்புள்ள அக்கா,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை. நைட் டியூட்டி போட்டுவிட்டார்களா? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

வீட்டில் நடந்த கூத்தைக் கேள். விஜய்ஆனந்திடம் போனில், "ஸ்காட்லாந்துக்குப் புரப்போசல் அனுப்பிட்டேன் மாப்ள. அவங்களுக்குப் புடிச்சுப்போச்சுன்னா என் பேரையும் சேத்துப் போடுவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டில் புரப்போசல் என்ற வார்த்தையைச் சொல்கிற ஒரே ஆள் சோணை மாமா. அவர் வாயில் அது எதைக் குறிக்கும் என்று உனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் பெயரையும் சேர்த்துப் போடுவார்கள் என்றால் அப்புறம் என்ன பாக்கி?

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்றாள். எதிர்வீட்டு முனியாயி அக்கா என்னைத் தெருமுனையில் பிடித்து, "ஏப்பா, வெள்ளைக்காரப் புள்ளையாமே" என்று கேட்டபோதுதான் எனக்கே என் கல்யாணச் செய்தி தெரிந்தது. விளக்கம் சொல்ல வீட்டுக்கு ஓடினால், அம்மா அழகர்கோவிலுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

சாயங்காலம் வந்தாள். நேராக என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "பதினெட்டாம்படிக் கருப்புகிட்ட நல்லா சண்டை போட்டுட்டு வாரேன். ஒத்த மகன், பாசை தெரியாதவளக் கட்டுனா நான் யாருகிட்டப் பேசுறதுன்னு கேட்டேன். சாமி வாயத் தொறக்கல. அப்புறம் நானே யோசிச்சேன். நம்ம சனத்துக்குள்ள பேசி முடிச்ச எத்தனை பேரு முகத்தத் திருப்பிக்கிட்டுக் கெடக்காக. புடிச்சவக சேந்து இருக்கட்டும். கூட்டிட்டு வா" என்றாள்.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் தட்டில் நெய் தோசை விழுந்துவிட்டது. இப்படி மொறுமொறுப்பாக அவள் சுட்டு மாதக்கணக்காகிறது. தின்று முடித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன், இன்னும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

சித்தார்த்


ஃபோர்ட் வில்லியம்
31.3.2003

தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. எழுத உட்கார்ந்தேன், எழுத்து வரவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்றால் கொஞ்சநாள் சொல்லாதே. சொல்லிவிட்டாய் என்றால், சொன்னபோது அவள் முகம் எப்படிப் போயிற்று என்று எழுது. சந்தோஷப்பட்டாளா, இல்லை அப்பாடா என்று மூச்சுவிட்டாளா? புடிச்சவக சேந்து இருக்கட்டும் என்று அவளே சொன்னாளா, நீ சேர்த்து எழுதினாயா? வேடிக்கை பண்ணாமல் எழுது.

அக்கா


திருநகர்
18.4.2003

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வருமுன்னே சொல்லிவிட்டேன். அம்மா மூச்சும் விடவில்லை, சந்தோஷமும் படவில்லை. "விளையாட்டுக்கா நான் கருப்பைப் போய் வைதேன்" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த வார்த்தையை அவள்தான் சொன்னாள். நான் ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

சமாதானம் பண்ணுவதற்காக, இதுதான் அந்தப் பாதை என்று உன் போட்டோக்களை எடுத்துக் காட்டினேன். அதற்கப்புறம் நடந்ததை அவளே சொல்கிறாளாம். பேனாவை என்னிடம் கொடுத்து, ஒரு சொல்லையும் திருத்தக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கீழே உள்ளது அவள் பேச்சு. அக்கா, நான் பலகையைத்தான் பார்த்தேன். சத்தியமாக.

"எம்மக இசைவாணிக்கு அம்மா சுந்தரம்மா சொல்லி எழுதுறது. உன் தைலத்துல காலு இப்பத் தேவல. நீ அந்தப் படத்துல நல்லாத் தெளிச்சியா இருக்க. கன்னம் வச்சிருக்கு.

உன் தம்பிக்குப் படிப்பு இருக்கு, கண்ணு இல்ல. ரயிலு கதவத் தொறந்து போட்டுக்கிட்டு நிக்குது. நீ ஏறாம சிரிச்சுக்கிட்டு நிக்கிற. உன்னை விட்டுட்டு அது போகல. அப்பப் படம் புடிக்கிறவன் சாதாரண ஆளில்ல, அந்த ரயிலுக்காரன். நீ சிரிக்கிறதும் படத்துக்கு இல்ல, புடிக்கிறவனப் பாத்து. நான் உன்னைப் பெத்தவ, எனக்குத் தெரியாதா. ஏம்மா எங்கிட்ட மறைச்ச?

சாமிகிட்டப் போட வேண்டிய சண்டைய ஏற்கெனவே போட்டு முடிச்சாச்சு. மருமகள்ங்கிற எடத்துல மருமகன்னு மாத்திக்கிட வேண்டியதுதான். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. நீ அங்கிட்டே தங்கிருவியேன்னுதான் வருத்தமா இருக்கு, அதை மறைக்க மாட்டேன். ஆனா அதுக்காக வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். முன்னால நீ மதுரையில வேலை பாத்த எடத்துல ஒரு பையன் ஆசப்பட்டு, அவுக வீட்டாளுக நம்ம வீட்டுக்கு வந்தாக. உன்னைப் புடிச்சிருந்துச்சு, பேச்செல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. சொந்த ஊரு எது, எந்தத் தெருன்னு கேட்டாக. சொன்னோம். வச்ச காப்பிய வச்ச எடத்துல விட்டுட்டு எந்திரிச்சுப் போனாக. நீ அந்தத் தம்ளரையெல்லாம் கழுவிக் கவுத்துப்புட்டு, மறுநாளு வெளிநாட்டு வேலைக்கு எழுதிப் போட்ட. அன்னைக்கு நீ அழுகல. அது இன்னும் எனக்கு நெஞ்சுல கெடக்கு.

அந்தப் பையன் வீட்டுக்கு நீ போயிருக்கியா? போனேன்னா உன்னை எப்புடிக் கூப்புட்டாக, எங்க உக்கார வச்சாக? நல்லாச் சொல்லணும்னு இல்ல. நடந்ததச் சொல்லு."

இவ்வளவுதான் அம்மா சொன்னது.

சித்தார்த்


ஃபோர்ட் வில்லியம்
4.5.2003

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் இசைவாணி எழுதுவது. தம்பி நிறுத்தி நிதானமாகப் படித்துக்காட்டட்டும். உங்கள் கடிதத்தைப் படித்து அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதுவிட்டேன். இப்போது மனசு லேசாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

மறைக்க வேண்டும் என்று இல்லை அம்மா. மறுபடி ஒரு தடவை, குடிக்காமல் விட்டுப் போன தம்ளரை உங்களைப் பார்க்க வைத்துவிடக் கூடாது என்ற பயம்தான். அவர் வீட்டைப் பற்றி நிச்சயமாகத் தெரியட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் தங்கம் என்று எழுத மாட்டேன். பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தும் நின்றுகொண்டே வருகிறவர்கள் உண்டு. கேலம் வீடு அரிசேக் என்ற ஊரில். அவருக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும். புத்தாண்டு அன்று காலையில் என்னைக் காரில் அழைத்துப் போனார். வாசலில் நின்று கையில் ஒரு துண்டு நிலக்கரியைக் கொடுத்து, நீ முதலில் போ என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கரியைக் கொடுத்து என்னைக் கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்து, உடம்பெல்லாம் எரிந்தது. திரும்பிப் போகலாம் என்று காலை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் அம்மா உள்ளே இருந்து சத்தம் போட்டுச் சொன்னார். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. புது வருஷத்தில் வீட்டுக்குள் முதல் அடி எடுத்து வைப்பவர் கறுப்பு முடியோடு, கறுத்த ஆளாக இருக்க வேண்டும். அடுப்பு அணையாமல் இருக்க அவர் கையில் கரி கொண்டு வர வேண்டும். அப்படி ஒருவர் வந்தால்தான் அந்த வருஷம் வீட்டுக்கு ராசி. ஆம்பிளைதான் வர வேண்டும் என்பார்களாம். "அதெல்லாம் பழைய கதை, இவளைவிட ராசியான ஆள் இந்த ஜில்லாவில் எனக்கு யார் கிடைப்பார்" என்றார். காலையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டியிருக்கிறார். நான் வருகிறேன் என்று அவரைத் தெருவிலேயே நிற்க வைத்திருந்தார். அந்த மனுஷன் குளிரில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எனக்காக நின்றார்.

நான் உள்ளே போனேன் அம்மா. கரியை அடுப்பில் நானே போட்டேன். எனக்குப் பின்னால்தான் மற்ற எல்லோரும் வந்தார்கள். சமையலறையில் அவர் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பாட்டில் உப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர், நம் தெரு, எழுந்து போனவர்கள் எல்லாவற்றையும் அன்றே சொன்னேன். கேட்டுவிட்டு, இன்னொரு தடவை தட்டில் வைத்தார்.

நான் இங்கேதான் இருப்பேன். வருஷம் ஒரு தடவை கட்டாயம் வருவேன். உங்களுக்குச் சம்மதமா என்று எழுதுங்கள்.

உங்கள் மகள்,
இசைவாணி


திருநகர்
17.5.2003

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். வெயில்தான் ஆளைக் கொல்கிறது.

முதலில் என் கதையை முடித்துவிடுகிறேன். என் புரப்போசல் தேறவில்லை. வேறு தேசத்து மலைப்பாதை ஒன்றை எடுத்துக்கொண்டார்களாம். மான் விவரத்தை மட்டும் ரொம்பப் பாராட்டியிருக்கிறார்கள். வருத்தமில்லை என்றால் பொய். ஒரு வேளை சோறு இறங்கவில்லை. கேலம் மச்சானிடம் சொல்லிவிடு, அவர் உழைப்பு என்னால் வீணாகவில்லை என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். கரி வந்த இடத்தில் அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த பத்தியைப் படித்ததும், நிறுத்து, திரும்பப் படி என்றாள். படித்தேன். இன்னொரு தடவை என்றாள். பக்கத்து வீட்டுக்காரரைத் தெருவில் நிற்க வைத்த இடத்தை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

அப்புறம் சொன்னாள்.

"எங்க ஆத்தா விடியக்காலைல களை பறிக்கப் போகையில எதுத்தாப்புல ஆளு வந்தா, வரப்பை விட்டு எறங்கிச் சேத்துல நிப்பா. அவ மூஞ்சில முழிச்சா அன்னைக்கு வெளங்காதும்பாக. நானும் அவ சேலையப் புடிச்சுக்கிட்டு எறங்கி நிப்பேன். என் மக வரணும்னு ஒரு வீட்டுல கதவச் சாத்தி வச்சுக் காத்துக் கெடந்திருக்காக. எங்க ஆத்தா இருந்து இதக் கேட்டிருக்கணும்டா."

சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். சம்மதமா என்று அக்காவுக்கு எழுதணும் என்றேன். "இம்புட்டுக்குப் பெறகும் கேக்குறா பாரு" என்று என்னைத்தான் வைதாள். ரெண்டு பேரும் எப்போது வருகிறீர்கள் என்றும், அந்தப் பையனோடு அவன் அம்மாவையும் கூட்டி வர முடியுமா என்றும் கேட்டு எழுதச் சொன்னாள். அந்த அம்மா வருகிற அன்று வாசலுக்குத் தானே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவாளாம். அதற்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை என்கிறாள்.

உன் தம்பி,
சித்தார்த்